கைவரைவிலிருந்து கலைக்கல்விக்கு: தமிழகப் பள்ளிகளில் ஓவியப் பாடத்தின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

தமிழகப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான மாணவர்க்குக் கற்பிக்கப்படும் தொடக்கநிலை ஓவியப் பாடம், 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தென் கென்சிங்டன் முறையிலிருந்து உருவானது. தொழிற்சாலைக்குத் தேவையான கைத்திறனை வளர்க்க வகுக்கப்பட்ட அம்முறை, சென்னைக் கலைப்பள்ளியின் வழியாகவும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளின் வழியாகவும் இங்கு வேரூன்றியது. சென்னைக் கலைப்பள்ளி 20-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் நவீன ஓவிய இயக்கத்தின் மையமாக மாறியது; ஆயினும் அம்மாற்றம் பள்ளி வகுப்பறையை எட்டவில்லை. இவ்விடைவெளிக்கான காரணங்களை ஆசிரியர் தகுதி, தேர்வுமுறை, கைவேலை குறித்த சமூகப் பார்வை ஆகிய மூன்று நிலைகளில் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஓவியக் கல்வி, கைவரைவு, தென் கென்சிங்டன் முறை, சென்னைக் கலைப்பள்ளி, தொழிலாசிரியர் பயிற்சி, கோலம்.

முன்னுரை

தமிழகக் கல்வி வரலாறு குறித்த ஆய்வுகள் மொழிப்பாடம், ஆங்கிலக் கல்வி, பெண்கல்வி, இடஒதுக்கீடு ஆகியவற்றில் பெரிதும் கவனம் செலுத்தியுள்ளன. கலை வரலாற்று ஆய்வுகளோ கோயில் சிற்பம், சுவரோவியம், சென்னை நவீன ஓவிய இயக்கம் ஆகியவற்றைச் சார்ந்து அமைந்துள்ளன. இவ்விரு துறைகளுக்கும் இடையில் விடுபட்டுப்போன ஒன்று, பள்ளிகளில் வாரத்தில் ஓரிரு பாடவேளைகளாக நிகழும் ஓவிய வகுப்பு. கலைக்கல்லூரிக்குள் நுழைவோர் மிகச் சிலர். ஆனால் தமிழர்களில் மிகப் பலர் காட்சிக்கலையை முறையான பாடமாக எதிர்கொண்டது பள்ளி ஓவிய வகுப்பில் மட்டுமே. ஆதலின் ஒரு சமூகத்தின் பார்க்கும் பழக்கத்தை அறிய விரும்புவோர் கண்காட்சிக் கூடத்திற்கு முன்பாக இவ்வகுப்பறையை ஆராய்தல் வேண்டும்.

கரும்பலகையில் ஆசிரியர் பூச்சாடி ஒன்றை வரைகிறார். நடுவில் செங்குத்தான அச்சுக்கோடு. அதன் இருபுறமும் சமச்சீரான வளைவுகள். மாணவர்கள் அதனைப் பார்த்துத் தம் ஏட்டில் வரைகின்றனர். அழிப்பான் கொண்டு திருத்துகின்றனர். தலைமுறைகள் மாறியும் பெரிதும் மாறாத இக்காட்சி எங்கிருந்து வந்தது, ஏன் நீடித்தது என்பன இக்கட்டுரை எழுப்பும் இரு வினாக்கள்.

தென் கென்சிங்டன் முறையின் தோற்றம்

ஓவியம் வெகுமக்கள் கல்வியின் பகுதியானதற்குக் கலையார்வத்தை விட வணிகப் போட்டியே முதன்மைக் காரணம். பிரெஞ்சுத் துணிகளும் கலன்களும் வடிவழகால் சந்தையைக் கைப்பற்றிய நிலையில், இங்கிலாந்து அரசு 1837-இல் இலண்டனில் வடிவமைப்புப் பள்ளியைத் தொடங்கியது. 1851-ஆம் ஆண்டின் பெரும் கண்காட்சி இக்கவலையை மேலும் கூர்மையாக்கியது. அதனையடுத்து ஹென்றி கோல் தலைமையில் உருவான அறிவியல் கலைத் துறை, 1853 முதல் நாடு முழுவதற்குமான ஓவியக் கல்வியை நெறிப்படுத்தியது. ரிச்சர்டு ரெட்கிரேவ் 23 படிநிலைகள் கொண்ட பாடத்திட்டத்தை வகுத்தார். கருவிகளின் துணையுடன் நேர்கோடு வரைவதில் தொடங்கி, அச்சிட்ட படத்தைப் பார்த்துப் புறக்கோடு வரைதல், திண்ம வடிவங்களைப் பார்த்து வரைதல், நிழல் தீட்டல், வண்ணம், மனித உருவம், அணிவேலைப்பாடு எனப் படிப்படியாக அத்திட்டம் சென்றது.

இம்முறையின் அடிப்படைக் கருத்துகள் மூன்று எனத் தொகுத்துக் கூறலாம். முதலாவது, ஓவியம் என்பது கைக்கும் கண்ணுக்குமான பயிற்சி; கற்பனைக்கு அதில் முதலிடம் இல்லை. இரண்டாவது, எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் வரிசை மாறக்கூடாது. மூன்றாவது, கற்றதைத் தேர்வால் அளக்க இயலும். தேர்ச்சியின் அளவைப் பொறுத்து ஆசிரியர்க்கும் பள்ளிக்கும் மானியம் வழங்கலாம். இவற்றுள் மூன்றாவது கருத்தே நீண்டகால விளைவுகளை ஏற்படுத்தியது எனலாம். அளக்கத் தக்கது எதுவோ அதுவே கற்பிக்கப்படும் என்னும் நிலை அங்கிருந்தே தொடங்குகிறது. இரு பக்கமும் ஒத்திருக்கிறதா, கோடு தூய்மையாக உள்ளதா என்பவற்றைத் தேர்வாளர் எளிதில் மதிப்பிடலாம். மாணவர் ஒரு பொருளை எவ்வாறு பார்த்தார் என்பதை அவ்வாறு மதிப்பிட இயலாது.

சென்னைக் கலைப்பள்ளி

அறுவை மருத்துவரான அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் சென்னையில் தம் சொந்த முயற்சியால் ஒரு கலைப்பள்ளியை நிறுவினார். மறு ஆண்டில் தொழிற்பள்ளி ஒன்றும் அதனுடன் சேர்க்கப்பட்டது. 1855-இல் அரசு இதனை ஏற்றுக்கொண்டது. மக்களின் வடிவ ரசனையை மேம்படுத்துதல், அன்றாடப் பயன்பாட்டுப் பொருள்களை உள்ளூரிலேயே நல்ல வடிவில் உற்பத்தி செய்தல் என்னும் இரு நோக்கங்கள் அதன் தொடக்கத்திலேயே பிணைந்திருந்தன. ஓவியம், செதுக்கு வேலை, மட்பாண்டம் ஆகியன அருகருகே கற்பிக்கப்பட்டன.

பின்வந்த கண்காணிப்பாளர்களின் போக்குகள் இவ்விரட்டைத் தன்மையை வெளிப்படுத்துகின்றன. 1884-இல் சென்னைக்கு வந்த இ.பி. ஹாவெல், மாகாணத்தின் கைத்தொழில்களை ஆராய்ந்து, உள்ளூர் மரபையே கல்வியின் அடித்தளமாகக் கொள்ள வேண்டும் என்னும் கருத்தை நோக்கி நகர்ந்தார். பின்னாளில் கல்கத்தாவில் அவநீந்திரநாத் தாகூருடன் இணைந்து அவர் மேற்கொண்ட சீர்திருத்தம் பரவலாக அறியப்பட்டது. ஹாவெலுக்குப் பின் பொறுப்பேற்ற ஆல்பிரட் சாட்டர்டன் 1890-களின் இறுதியில் அலுமினியப் பாத்திரத் தொழிலை இப்பள்ளியிலேயே வளர்த்தெடுத்தார். ஒரே நிறுவனத்தில் பத்தாண்டு இடைவெளியில் மரபுக் கைவினையும் புதிய உலோகத் தொழிலும் மாறி மாறி முதன்மை பெற்றன. எனினும், இருவர் காலத்திலும் கலைக்கல்வி தொழிலுக்கு அடுத்ததாகவே எண்ணப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

இப்பள்ளி பொதுப் பள்ளிகளுடன் இணைந்தது ஓவிய ஆசிரியர் என்னும் பதவியின் வழியாகவே. 1854-ஆம் ஆண்டின் வுட் அறிக்கைக்குப் பின் விரிவடைந்த உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஓவிய ஆசிரியர்கள் தேவைப்பட்டனர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சென்னை மாகாண அரசு நடைமுறைப்படுத்திய தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியமும் இடம்பெற்றது. கைவரைவு, மாதிரிப்பொருள் வரைவு, வடிவகணித வரைவு என்னும் பகுப்பும் கீழ்நிலை, மேல்நிலை என்னும் படிகளும் தென் கென்சிங்டனின் நேரடி வழித்தோன்றல்கள். இத்தேர்வுகளில் தேறியவரே பள்ளியில் ஓவியம் கற்பிக்கத் தகுதியுடையவர் ஆனார். பாடத்திட்டம் பல முறை மாறியும் வகுப்பறை மாறாமைக்கான முதற்காரணம் இங்குள்ளது. ஆசிரியர் எதனால் தகுதி பெற்றாரோ அதனையே கற்பிப்பார். அவரிடம் கற்ற மாணவர் ஆசிரியரானால் அவரும் அதனையே கற்பிப்பார்.

பாடத்தின் உள்ளமைப்பு: ஒரு நீள்வட்டத்தின் சான்று

கைவரைவுப் பாடம் கண்ணையும் கையையும் ஒருங்கே பயிற்றுவிப்பதாகக் கூறப்பட்டது. இக்கூற்றை ஒரு சிறு சான்றின்வழிச் சோதிக்கலாம். மேசைமேல் ஒரு மண்பானை இருக்கிறது. அதன் வாய் வட்டம் என்பதை மாணவர் அறிவார். ஆனால் அவர் அமர்ந்திருக்கும் இடத்திலிருந்து அது நீள்வட்டமாகத் தெரிகிறது. கண்மட்டத்திற்கு அருகில் வைத்தால் அது ஏறத்தாழ ஒரு கோடாகச் சுருங்கும். தரையில் வைத்துக் குனிந்து பார்த்தால் வட்டத்தை நெருங்கும். அறிந்த வடிவத்திற்கும் தெரியும் வடிவத்திற்கும் உள்ள இவ்வேறுபாட்டை உணர்வதே தொடக்கநிலை ஓவியக் கல்வியின் முதற்பெரும் படி. பானையை உயர்த்தியும் தாழ்த்தியும் காட்டி மாணவரை வரையச் செய்தால் ஒரே பாடவேளையில் இவ்வேறுபாடு விளங்கிவிடும்.

கரும்பலகையிலுள்ள பானையைப் பார்த்து வரையும் மாணவர்க்கு இவ்வுணர்வு வாய்ப்பதில்லை. முப்பரிமாணத்தை இருபரிமாணமாக மாற்றும் வேலையை ஆசிரியரே செய்து முடித்துவிட்டார். மாணவர் பார்ப்பது ஒரு தட்டையான நீள்வட்டத்தை, வரைவதும் அதனையே. அவருடைய கை பயிற்சி பெறுகிறது; கண் பெறவில்லை. வகுப்பின் எந்த மூலையில் அமர்ந்திருந்தாலும் அனைவருக்கும் ஒரே படமே கிடைக்கிறது. ரெட்கிரேவின் திட்டத்தில் படத்தைப் பார்த்து வரைவது திண்மப் பொருளைப் பார்த்து வரைவதற்கான முன்படியே. நெரிசலான வகுப்பு, குறைந்த பாடவேளை, பொருள்களின்மை ஆகியவற்றால் அம்முன்படியே முழுப்பாடமாக நின்றுவிட்டது எனக் கருதலாம். எனவே இங்கு நிகழ்ந்தது தென் கென்சிங்டன் முறையின் முழுமையான நடைமுறை அன்று. அதன் முதற்படிகளில் ஏற்பட்ட தேக்கமே.

இதே காலத்தில் ஐரோப்பாவில் வேறொரு சிந்தனை உருவாகிவந்தது. 1897-இல் வியன்னாவில் பிரான்ஸ் சிசெக் தொடங்கிய சிறார் ஓவிய வகுப்பும், 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் மேரியன் ரிச்சர்ட்சன் மேற்கொண்ட பள்ளிப் பணியும் குழந்தையின் மனக்காட்சியை மதிப்புடைய கலைவெளிப்பாடாக ஏற்றன. ஹெர்பர்ட் ரீடின் ‘கலைவழிக் கல்வி’ என்னும் கருத்தை முன்வைத்த நூல் 1943-இல் வெளிவந்தது. இம்முறை தோன்றிய நாடே அதிலிருந்து விலகிச் சென்ற பின்னரும், குடியேற்ற ஆட்சிக்குட்பட்ட மாகாணத்தின் தேர்வுமுறை அதனைக் காத்துநின்றது.

கைவேலை குறித்த சமூகப் பார்வை

இரண்டாவது காரணம் கல்வித் துறைக்கு வெளியே உள்ளது. தமிழ்ச் சமூகத்தில் கைத்திறன் பிறப்புடன் பிணைக்கப்பட்டிருந்தது. தச்சர், கொல்லர், குயவர், நெசவாளர் ஆகியோரின் வடிவ அறிவு குடும்பத்திற்குள் கைமாறியது. பள்ளிக்கூடமோ அத்தொழில்களிலிருந்து விடுபட்டு அலுவலகப் பணிக்குச் செல்வதற்கான வாயிலாகவே பலராலும் காணப்பட்டது. அவ்வாயிலுக்குள் கைவேலை மீண்டும் நுழைவதை ஒடுக்கப்பட்ட, பிற்படுத்தப்பட்ட சமூகங்கள் ஐயத்துடன் நோக்கியதில் நியாயம் உண்டு.

1937-இல் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி கைத்தொழிலைக் கற்றலின் மையமாக்கியது. சேவாகிராமத்தில் 1944 முதல் கலை ஆசிரியராகப் பணியாற்றிய தேவி பிரசாத், சாந்திநிகேதனில் பெற்ற பயிற்சியைக் கிராமப்புறச் சிறார்க்கு ஏற்பப் பயன்படுத்தி, கைத்தொழிலும் கலையும் ஒன்றையொன்று வளர்க்கும் ஒரு வழியைக் காட்டினார். சென்னை மாகாணத்தில் இவ்வழி அரசியல் நெருக்கடியில் சிக்கியது. 1953-இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் செய்தது. ‘குலக்கல்வித் திட்டம்’ எனப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதனை எதிர்த்தனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது.

இத்திட்டம் தொடக்கப்பள்ளிகளுக்கானது, ஓவியப் பாடத்தை நேரடியாகத் தொட்டதன்று. ஆயினும் பள்ளியில் கைவேலை என்னும் கருத்தின்மீது அது நீண்ட நிழலை வீழ்த்தியது என இக்கட்டுரை கருதுகிறது. அதன்பின் ஓவியம், தையல், நெசவு ஆகிய பாடங்கள் விலக்கப்படவும் இல்லை. மையத்திற்கு வரவும் இல்லை. ‘சிறப்புப் பாடங்கள்’ என்னும் பெயருடன் அவை ஓரத்தில் நின்றன. கைத்திறன் சாதியிலிருந்து பிரிக்கப்பட்டு அனைவருக்குமான அறிவாக மறுவரையறை செய்யப்பட்டிருக்க வேண்டும். எதிர்ப்பின் வெற்றி பிறவித்தொழில் என்னும் தளையை நீக்கியது. மறுவரையறை என்னும் அடுத்த பணி எவராலும் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

கலைக்கல்லூரியின் புதுமையும் பள்ளியின் பழமையும்

தேவி பிரசாத் ராய் சௌத்ரி சென்னைக் கலைப்பள்ளியின் முதல் இந்தியத் தலைவராகப் பொறுப்பேற்றபின், அது தொழிற்பயிற்சி நிறுவனம் என்னும் நிலையிலிருந்து நுண்கலை நிறுவனம் என்னும் நிலைக்கு மாறியது. அவரிடம் பயின்ற கே.சி.எஸ். பணிக்கர் 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை உருவாக்கினார். 1957-இல் பள்ளியின் தலைவரானார். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக வழிவகுத்தார். எஸ். தனபால் போன்ற ஆசிரியர்கள் நாட்டார் கலை, செப்புத்திருமேனி, கோட்டின் இயல்பு ஆகியவற்றிலிருந்து புதிய காட்சிமொழியை உருவாக்கத் தம் மாணவர்களைத் தூண்டினர். கோட்டுக்கு முதன்மை தரும் இயக்கமாகவே சென்னை இயக்கம் கலை வரலாற்றில் அறியப்படுகிறது.

இவ்விடத்தில் ஒரு முரண் கருதத்தக்கது. பணிக்கர் 1963 முதல் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்களுக்கு, ஒரு மாணவரின் குறிப்பேட்டில் எண்களும் எழுத்துகளும் வடிவகணிதக் கோடுகளும் நிரம்பிய பக்கம் தூண்டுதலாக அமைந்தது என்பர். பள்ளி ஏடு நவீன ஓவியத்திற்குள் நுழைந்தது. நவீன ஓவியம் பள்ளி ஏட்டிற்குள் நுழையவில்லை. கோட்டைக் கொண்டாடிய இயக்கம் உருவான அதே காலத்தில், மாநிலத்தின் பள்ளிகளில் கோடு என்பது பிழையின்றிப் படியெடுக்க வேண்டிய ஒன்றாகவே இருந்தது.

இதற்கு நிறுவன அமைப்பே காரணம். கலைக்கல்லூரியில் பயின்றவர் ஓவியராகவோ வடிவமைப்பாளராகவோ செல்ல விரும்பினார். பள்ளி ஓவிய ஆசிரியரோ பெரும்பாலும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் கீழ்நிலை அல்லது மேல்நிலை தேறி, கோடை விடுமுறையில் நடத்தப்படும் தொழிலாசிரியர் பயிற்சியை முடித்துப் பணிக்கு வந்தவர். முன்னது 1960-களின் மாற்றங்களை உள்வாங்கியது. பின்னது 19-ஆம் நூற்றாண்டின் பாடப்பகுப்பைச் சுமந்துவந்தது. இரு பாதைகளும் சந்திக்க வாய்ப்பே இல்லாதவாறு அமைந்தன. பணியிலிருந்த ஓவிய ஆசிரியர்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது இக்கருத்தின் நோக்கமன்று. பலர் தம் சொந்த ஆர்வத்தால் பாடத்தை விரித்துக் கற்பித்துள்ளனர். ஆனால் தனிமனித ஆர்வத்தை முறையாக நிலைபெறச் செய்யும் அமைப்பு இல்லை.

ஆணையங்களும் இன்றைய நிலையும்

பரிந்துரைகளுக்குப் பஞ்சமில்லை. ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்வி ஆணையம் (1952–53) பல்நோக்குப் பள்ளிகளுக்கு வகுத்த ஏழு பிரிவுகளுள் நுண்கலையும் ஒன்று. கோத்தாரி ஆணையம் (1964–66) கலைக்கல்வி புறக்கணிக்கப்படுவதைச் சுட்டியது. தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005-இன் கலைகள் குறித்த நிலைப்பாட்டுரை, பத்தாம் வகுப்பு வரை கலைகள் கட்டாயப் பாடமாதல் வேண்டும் என்றது. எனினும் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஐந்து பாடங்கள், 500 மதிப்பெண்கள் என்னும் கட்டமைப்பில் நிற்கிறது. ஓவியம் அதற்கு வெளியே உள்ளது. பொதுத்தேர்வு நெருங்கும்போது ஓவியப் பாடவேளை வேறு பாடத்திற்கு மாற்றப்படுவது பள்ளிகளில் பலரும் அறிந்த வழக்கம்.

இதன் விளைவு வரலாற்று நோக்கில் வியப்பானது. தேர்வுக்காகவே உருவாக்கப்பட்ட ஒரு பாடம் தேர்வை இழந்தது. ஆனால் தேர்வு உருவாக்கிய வடிவத்தை இழக்கவில்லை. தேர்வு இல்லாமையால் கிடைத்திருக்க வேண்டிய கற்பித்தல் உரிமையும் கிட்டவில்லை. தேர்வு தந்திருந்த மதிப்பும் எஞ்சவில்லை.

பணிநிலையும் இதற்கேற்பவே அமைந்தது. 2012-இல் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின்கீழ் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றிற்காக 16,549 பகுதிநேர ஆசிரியர் பணியிடங்கள் உருவாக்கப்பட்டன. வாரத்தில் மூன்று அரைநாள்கள், மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம் என்பதே தொடக்க நிபந்தனை. ஊதியம் பின்னர்ப் படிப்படியாக உயர்ந்தது. பணி நிரந்தரக் கோரிக்கை பல்லாண்டுகள் நீடித்தது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு ஓவியம் மீண்டும் வந்தது என்பது நன்மை. பகுதிநேர உழைப்பாகவே வந்தது என்பது அப்பாடத்தின் இடத்தைக் காட்டுகிறது. 2022-இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கப்பட்ட கலைத் திருவிழா மாணவரின் திறனை மேடைக்குக் கொணர்ந்துள்ளது. ஆயினும் போட்டி, முன்பே திறன் பெற்றவரை அடையாளம் காணும். அனைவருக்கும் பார்க்கக் கற்பிக்கும் பணியை வகுப்பறையே செய்ய இயலும்.

கோலம்: மாணவர் கொண்டுவரும் முன்னறிவு

மாற்றுவழியைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. புள்ளிகளை இட்டு, அவற்றைச் சுற்றி அறுபடாத கோட்டை இழுத்துச் சிக்குக் கோலம் போடும் சிறுமி, கைவரைவுப் பாடம் கோரும் சமச்சீர், இடைவெளி, கோட்டின் தொடர்ச்சி ஆகியவற்றை முன்பே அறிந்தவள். அழிப்பானோ அச்சுக்கோடோ அவளுக்கு இல்லை. வடிவத்தின் முழு இயக்கமும் நினைவில் இருக்க, கை தயங்காமல் செல்கிறது. சமச்சீரைப் பயிற்றுவிக்கத் தென் கென்சிங்டன் ஒரு பூச்சாடியை வரையச் சொன்னது. இங்கு வாசலில் அப்பயிற்சி நாள்தோறும் நிகழ்ந்தது. எனினும் அது பெண்களின் வீட்டுவேலையாகக் கருதப்பட்டமையால் பாடமாக மதிக்கப்படவில்லை.

கோலத்தைப் பண்பாட்டுப் பெருமிதச் சின்னமாகப் பாடநூலில் ஒட்டுவதை இக்கட்டுரை பரிந்துரைக்கவில்லை. சிறுவரும் சிறுமியரும் ஒருங்கே புள்ளிக் கட்டத்தைக் கொண்டு ஒழுங்கமைவு, மீள்வரல், வெற்றிடம் ஆகிய கருத்துகளைக் கற்கலாம். பானையின் வாயைக் கொண்டு தோற்றத்தின் இயல்பைக் கற்கலாம். குயவரின் மகன் அறிந்ததையும் பிறர் அறியாததையும் ஒரே மேசையில் வைப்பதே, கைத்திறனைப் பிறப்பிலிருந்து பிரித்துப் பொது அறிவாக்கும் வழி.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. தமிழகப் பள்ளி ஓவியப் பாடத்தின் அமைப்பு, தென் கென்சிங்டன் முறையின் தொடக்கப் படிகளில் தேங்கிய வடிவமாகும்.

2. அவ்வடிவம் நீடித்ததற்குப் பாடத்திட்டத்தைக் காட்டிலும் ஆசிரியர் தகுதித் தேர்வுமுறையே முதன்மைக் காரணம்.

3. கைத்திறன் சாதியுடன் பிணைந்திருந்தமையும், 1953-ஆம் ஆண்டுத் திட்டம் எழுப்பிய நியாயமான அச்சமும், கலைக்கல்வி குறித்த விரிந்த உரையாடலைத் தடுத்தன எனக் கருத இடமுண்டு.

4. சென்னை நவீன ஓவிய இயக்கம் பள்ளியை எட்டாமைக்கு, கலைக்கல்லூரியும் தொழிலாசிரியர் பயிற்சியும் இரு வேறு பாதைகளாக இயங்கியதே காரணம்.

எனவே சீர்திருத்தம் தொடங்க வேண்டிய இடம் மாணவரின் ஏடு அன்று, ஆசிரியரின் சான்றிதழ். தொழிலாசிரியர் பயிற்சியில் கலைக்கல்லூரிகளின் பங்கேற்பு, பொருளை நேரில் பார்த்து வரையும் பயிற்சிக்கு முதலிடம், நிரந்தரப் பணியிடம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமையும்போதுதான் வகுப்பறை மாறும். மாவட்ட வாரியாகப் பழைய ஓவிய ஏடுகள், தேர்வுத் தாள்கள், ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்களின் நினைவுக் குறிப்புகள் ஆகியவற்றைத் திரட்டுவது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும். பழைய தாள் என எடைக்குப் போடப்படும் அவ்வேடுகள், தமிழர் பார்க்கக் கற்ற வரலாற்றின் முதன்மை ஆவணங்கள்.